ஒட்டாமல் விட்ட வரி

போன வாரம் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பட்டாணியின் அப்பா யாருடன் போனில் கிசுகிசுத்தார் என்று நீங்கள் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள். பட்டாணியின் அம்மாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஆனால் இன்று காலை நடந்ததைப் பார்த்த பிறகு பால்கனி விவகாரம் அவளுக்குச் சின்ன விஷயமாகிவிட்டது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. பட்டாணிக்கு ஒன்பது வயது. உருண்டையாக, ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பதால் வந்த பெயர். வாயைத் திறந்தால் வக்கீல் தோற்றுப்போவார். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்துகள் அவள் கண்ணுக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார்த்தி, படங்களுக்கு வண்ணம் அடிக்கச் சொல்லிவிட்டார்கள். வருஷம் முழுக்க வண்ணம். அந்தக் கோபத்தில்தான் தையல் வேலை பார்க்கும் அம்மா, அவளை வீட்டோடு வைத்துக்கொண்டு தானே பாடம் நடத்துகிறாள். கல்வி அலுவலகம் அதற்கு ஒரு வருஷம் அனுமதி கொடுத்திருந்தது. அந்த ஒரு வருஷம் முடிந்துவிட்டது. இன்று மூன்று மணிக்கு அதிகாரி வீட்டுக்கே வந்து பார்க்கப்போகிறார். அவருக்குத் திருப்தி என்றால் வீடு. இல்லாவிட்டால் மறுபடியும் அந்தக் கடைசி பெஞ்ச்.

காலையில் ஒத்திகை. துணி வெட்டும் மேஜையில் துணி இல்லை. மஞ்சள் அட்டை ஒன்று மட்டும் இருந்தது.

அந்த அட்டை அம்மாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. பாடப்புத்தகத்தின் பக்கத்தைப் பெரிதாக நகல் எடுப்பாள். துணி வெட்டும் கத்திரியால் ஒவ்வொரு வரியாக நறுக்குவாள். வெள்ளைத் தாள் பட்டாணிக்குக் கண்ணைக் கூசும் என்பதால், மங்கலான மஞ்சள் அட்டையில் இரண்டு விரல் இடைவெளி விட்டு வரி வரியாக ஒட்டுவாள். மேலே இன்னொரு அட்டை, அதில் ஜன்னல் மாதிரி ஒரு வெட்டு. ஜன்னலை நகர்த்தினால் ஒரு நேரத்தில் ஒரு வரிதான் தெரியும். மற்ற எழுத்துகள் எட்டிப் பார்த்து வம்பு செய்யாது.

"ஆரம்பிக்கலாமா?"

பட்டாணி கட்டை விரலை மேஜை விளிம்பில் ஒருமுறை அழுத்தினாள். சமீபத்தில் வந்த பழக்கம். வாசிப்புக்குத் தாளம் பிடிக்கிறாள் என்று அம்மா நினைத்திருந்தாள்.

"ஒரு சிவப்புப் பந்து கரையிலிருந்து கடலுக்குள் உருண்டது."

தங்குதடை இல்லை. மறுபடி விரல் அழுத்தம்.

"அலை அதை அள்ளிக்கொண்டு போனது. மீன்கள் அதைச் சூரியன் என்று நினைத்தன. அன்று இரவு காற்று திசை மாறியது. காலையில் பந்து வேறொரு கரையில் கிடந்தது."

அம்மாவுக்கு வாய் காது வரை போய்விட்டது. ஒரு வருஷம் கத்திரியும் பசையுமாகக் குப்பை கொட்டியது வீண் போகவில்லை. மகளைக் கட்டிக்கொண்டு, அவள் உச்சியில் முத்தம் வைத்தபடியே அட்டையைப் பார்த்தாள்.

அட்டையில் நான்கு வரிகள்தான் இருந்தன.

சிவப்புப் பந்து இருந்தது, அலை இருந்தது, மீன்கள் இருந்தன. அதற்கு அடுத்தது நேராகக் காலை. காற்று திசை மாறவே இல்லை.

ஜன்னல் அட்டையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். குனிந்து மேஜைக்கு அடியில் தேடினாள். தையல் மெஷினின் மிதிபலகையில் ஒரு தாள் துண்டு, நூல் பிசிறோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 'அன்று இரவு காற்று திசை மாறியது.' வெட்டியவள் ஒட்ட மறந்திருக்கிறாள்.

ஒட்டாத வரியை இந்தப் பெண் எங்கிருந்து வாசித்தாள்?

"என்னம்மா தேடறே?"

"ஊசி."

அதற்கு மேல் கேட்க அம்மாவுக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றைக்கென்று பார்த்து மகளை மிரட்டி, அவள் சுருண்டுவிட்டால் மூன்று மணிக்கு யார் வாய் திறப்பது? துண்டை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இவள் வாசிக்கவில்லை. ஒப்பிக்கிறாள். யாரோ அசல் புத்தகத்தை வைத்துக்கொண்டு வரிவரியாக இவள் காதில் ஓதியிருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் புத்தகம் அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. பட்டாணிக்கு எட்டாது. அப்படியென்றால் யார்?

யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அம்மாவின் மனசு ஏற்கெனவே நாத்தனார் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டிருந்தது.

பட்டாணியின் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பள்ளிக்கூட டீச்சர். இதே பாடத்தை இதே வகுப்புக்கு நடத்துகிறவர். 'வீட்டுல வச்சுக் கொஞ்சறதுக்குப் பேர் படிப்பா?' என்று ஆரம்பம் முதலே முகம் சுளித்தவர். பட்டாணிக்குப் பாடத்தை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, அதிகாரி முன்னால் குட்டை உடைத்து, 'பார்த்தீங்களா, இதுதான் இவ நடத்தற லட்சணம்' என்று சொன்னால் முடிந்தது கதை. போன வாரம் பால்கனியில் கிசுகிசுத்தது யாரிடம் என்பதும் இப்போது புரிந்துவிட்டது. அக்காவும் தம்பியும் கூட்டு!

சந்தேகத்தில் ஒரு சௌகரியம் உண்டு. எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அது கச்சிதமாகப் பொருந்தும்.

மதியம் அத்தையே வந்து நின்றார். அரைநாள் லீவாம்.

"சும்மாதான் வந்தேன். நல்ல நாள் அதுவுமா பக்கத்துல ஒரு ஆள் இருக்கட்டுமேன்னு."

"வாங்க அண்ணி. நீங்க வராம இருந்தாத்தான் அதிசயம்."

அத்தை செருப்பைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். அந்த வீட்டில் எந்த வார்த்தையில் ஊசி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

டீ வந்தது. பட்டாணி உள்ளறையில் பட்டன்களைக் கொட்டி, நான்கு நான்காகப் பிரித்துக்கொண்டிருந்தாள். வாய்ப்பாட்டைப் பட்டனில் படிப்பவள் அவள். பின்னத்துக்கு இஞ்ச் டேப்.

"அண்ணி, இந்தப் பந்து கதையை உங்க வகுப்புல நடத்தியாச்சா?" என்று அம்மா மெல்லத் தூண்டில் போட்டாள்.

"போன மாசமே முடிஞ்சுது. ஏன்?"

"அதுல காத்து திசை மாறற வரி ஒண்ணு வருமே."

"வரும். அதுக்கென்ன?"

"என் அட்டையில அது இல்ல. ஆனா உங்க மருமக வாசிக்கிறா."

அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஈயாடாது என்று அம்மா எதிர்பார்த்தாள். வந்ததோ கோபம்.

"அப்போ நான் நினைச்சது சரிதான். போன வாரம் வந்தப்பவே பார்த்தேன். வாய் வாசிக்குது, கண்ணு திரைச்சீலையைப் பார்க்குது. இருபது வருஷமா பிள்ளைகளைப் பார்க்கறவ நான், எனக்குத் தெரியாதா? ஏம்மா, அனுமதி வாங்கணும்கறதுக்காகக் குழந்தையைக் கிளிப்பிள்ளை ஆக்கி வச்சிருக்கியே, இது நியாயமா?"

"நானா?"

"பின்ன யாரு? பாடம் நடத்தறது நீதானே?"

"நீங்க செய்யறதைச் செஞ்சுட்டு என் தலையில கட்டாதீங்க அண்ணி! நீங்களும் உங்க தம்பியும் பால்கனியில நின்னு பேசறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

"எந்த பால்கனி? அவன் எனக்குப் போன் பண்ணி மாசக்கணக்காகுது. அக்கான்னு ஒருத்தி இருக்காங்கறதே அவனுக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியல!"

அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்த மனத்தாங்கல் நிஜம். நடிப்பில் அவ்வளவு சுருதி சேராது. ஒருத்தியை ஒருத்தி திருடி என்று நினைத்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும், திருடன் வேறெங்கோ இருக்கிறான் என்பது ஒரே நேரத்தில் உறைத்தது.

"அப்படின்னா..." என்றார் அத்தை.

"அப்பா வேன் வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே பட்டாணி பட்டன்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கீழே லிஃப்ட் கம்பெனியின் வேன் நின்றது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அதிகாரி வருவதற்கு முன்னால் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். இறங்கி, கட்டடத்துக்குள் நுழைவதும் தெரிந்தது. ஆனால் ஆள் மேலே வரவில்லை. மகளும் வரவில்லை.

"என்னடி இது, மூணு மாடி ஏறி வர இவ்வளவு நேரமா?" என்று அத்தை எழுந்தார்.

இரண்டு பேரும் லிஃப்ட் வாசலுக்குப் போனார்கள். அம்மா பட்டனை அழுத்தினாள். வேலை செய்யவில்லை. மேலே எண்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தன. தரைத்தளம். நின்றது. ஒன்று. நின்றது. இரண்டு. நின்றது. யாரும் ஏறாத, இறங்காத மாடிகளில் லிஃப்ட் நின்று நின்று வந்தது. மெக்கானிக்கின் சாவி உள்ளே இருந்தால் லிஃப்ட் அவர் சொன்னபடிதான் கேட்கும்.

மூன்று என்ற எண் எரிந்தது. கதவு திறந்தது.

உள்ளே பட்டாணி, பட்டனில் கட்டை விரலை அழுத்தியபடி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"மூணாவது மாடி. அன்று இரவு காற்று திசை மாறியது."

பக்கத்தில் கிரீஸ் கையோடு அப்பா, "கரெக்ட், என் கண்ணு!" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார். எதிரில் மனைவி. அவளுக்குப் பக்கத்தில் அக்கா. லிஃப்ட் கதவு, பாவம், தானாக மூடப் பார்த்தது. அம்மா காலை வைத்துத் தடுத்தாள்.

"நீங்களா?"

கையும் களவுமாக அகப்பட்டவர் வேறென்ன சொல்வார்? தலையைச் சொறிந்தார். நெற்றியில் கிரீஸ் ஏறியது.

"அலமாரி மேல இருந்த புத்தகத்தைப் போட்டோ எடுத்தேன். நீச்சல் கிளாசுக்குக் கூட்டிட்டுப் போறப்போ, நான் வேலை பார்க்கற கட்டடத்துல ஏறி இறங்குவோம். ஒரு மாடிக்கு ஒரு வரி. இவளுக்கு அப்படித்தான் நிக்குது. எழுத்து தப்பிச்சுப் போயிடும். மாடி போகாது இல்ல?"

"ஏமாத்தறதுக்கு லிஃப்டா? நான் ராத்திரி பகலா நறுக்கி ஒட்டினதெல்லாம் என்ன, விளையாட்டா? யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"நான்தான் கேட்டேன்," என்றாள் பட்டாணி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் தப்பா வாசிச்சா நீ ஒண்ணும் சொல்ல மாட்டே. பரவாயில்ல கண்ணுன்னு சொல்லுவே. அப்புறம் சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவே. பாத்திரமே இருக்காது. தண்ணி மட்டும் ஓடும்." அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. "சரியா வாசிச்சா நீ குழாயைத் திறக்கறதே இல்லம்மா. அதான் அப்பாகிட்ட கேட்டேன்."

அம்மாவுக்கு லிஃப்ட், நாத்தனார், மூன்று மணி எல்லாம் ஒரு கணம் மறைந்துபோயின. மகளுக்குத் தெரியக் கூடாது என்று வருஷம் முழுக்க அவள் குழாய்ச் சத்தத்தில் ஒளித்த அழுகை, வீட்டிலேயே பட்டாணி பிழையில்லாமல் படித்த பாடமாக இருந்திருக்கிறது. அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக வலித்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றாள் கணவனிடம்.

"சொல்லியிருந்தா குழாய் இன்னும் ரெண்டு மணி நேரம் சேர்த்து ஓடியிருக்கும்," என்றார் அவர். சிரிக்க முயன்றார். முடியவில்லை.

அத்தை கடிகாரத்தைப் பார்த்தார். "சண்டையை மூட்டை கட்டி வைங்க. அந்த அதிகாரியம்மா வர நேரமாச்சு. டேய், போய் மூஞ்சியைக் கழுவு, கன்னங்கரேல்னு நிக்கறே."

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பழக்கம். பட்டன் டப்பாவைத் திறந்து பார்த்தார். இஞ்ச் டேப்பில் பட்டாணி அரையும் காலும் காட்டியபோது தலையை ஆட்டினார். அது மெச்சுவதா, வெறும் தலையாட்டலா என்று யாருக்கும் புரியவில்லை.

"சரி, இப்போ வாசிப்பு. நான் எதுவும் கொண்டுவரல. நீங்க நடத்தின பாடம் எதுவா இருந்தாலும் கொடுங்க."

மேஜையில் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று பந்து. இன்னொன்று, அடுத்த வாரத்துக்காக அம்மா நேற்று ஒட்டிய புதுப் பாடம். அதைப் பட்டாணி பார்த்ததே இல்லை.

கண்ணில் மண்ணைத் தூவ இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. பந்து அட்டையை நகர்த்தினால் போதும். பட்டாணி மடமடவென்று ஐந்து மாடி ஏறிவிடுவாள். கடைசி பெஞ்ச் ஒழிந்தது. அப்பா கண்ணாலேயே கெஞ்சினார். அத்தை எதுவும் காட்டாமல் சுவரைப் பார்த்தார். காட்டிக்கொடுப்பாரோ? கொடுக்கமாட்டாரோ? அந்தச் சந்தேகத்தைக்கூட அம்மாவால் முழுசாகப் படமுடியவில்லை. மகளின் கட்டை விரல் அதற்குள் மேஜை விளிம்புக்கு வந்துவிட்டிருந்தது.

இன்றைக்குத் தப்பித்தால் அடுத்த வருஷம் எந்த மாடி? அதற்கடுத்த வருஷம்?

அம்மா பந்து அட்டையை இழுப்பறையில் போட்டு மூடினாள். புது அட்டையை மகளுக்கு முன்னால் வைத்தாள்.

"இது அவ பார்க்காத பாடம் மேடம். தப்பு வரும். கொஞ்சம் நேரமும் ஆகும்."

அதிகாரி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

பட்டாணி ஜன்னல் அட்டையை முதல் வரிக்கு நகர்த்தினாள். விரலை அழுத்தினாள். எந்த மாடியும் வரவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"பா... பால... பாலத்தின்..." நீண்ட இடைவெளி. அப்பாவின் நாற்காலி கிறீச்சிட்டது. "நடு... நடவில்... இல்ல, நடுவில். ஒரு... க... கழு..."

நின்றுவிட்டாள்.

"கழுதை! நின்றது!" என்று பட்டாணி வீடு அதிரக் கத்தினாள். பிறகு அட்டையை முறைத்துப் பார்த்தாள். "கழுதையா? பாலத்து மேலயா? அது ஏன் அங்க போய் நிக்குது?"

பந்து கடலில் உருண்டபோதோ மீன்கள் சூரியன் என்று ஏமாந்தபோதோ அவள் 'ஏன்' என்று கேட்டதே இல்லை. அம்மாவுக்கு அது பளிச்சென்று உறைத்தது. அம்மா சொல்லாமலே பட்டாணி ஜன்னலை அடுத்த வரிக்கு இறக்கிவிட்டாள். கழுதைக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு.

"அது... நக... நகர... ம... மறு..."

அம்மா எழுந்தாள். கால்கள் பழக்கத்தில் சமையல்கட்டுக்குப் போய்விட்டன. கை குழாய் மேல் விழுந்தது. திருகப்போனவள் நிறுத்தினாள். கையை எடுத்தாள். வழிந்த கண்ணோடு அப்படியே திரும்பி வந்து, மகளுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

பட்டாணி அவள் முகத்தையும் சமையல்கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, குழாய் திறக்கலையே?"

"திறக்கல. நீ படி. கழுதைக்கு என்ன ஆச்சு?"

"மறுத்தது. நகர மறுத்தது!" பட்டாணி விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னை மாதிரியேம்மா!"

இரண்டு வரிதான். அதற்கே சுவர்க் கடிகாரத்தில் முள் வெகுதூரம் நகர்ந்திருந்தது. அதிகாரி பேனாவை மூடினார்.

"இன்னிக்கு முடிவு சொல்ல முடியாது. அடுத்த வாரம் இன்னொரு தடவை வருவேன். கழுதை பாலத்தை விட்டு இறங்குச்சான்னு அன்னிக்கு இவ எனக்குச் சொல்லணும். அதுவரைக்கும் வீட்டுலயே நடத்துங்க."

ஒரு வாரம். வாழ்வா சாவா என்பதை ஒரு வாரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அம்மாவுக்கு மூச்சு வந்தது. அத்தைகூட "பரவாயில்ல, நல்லாத்தான் நறுக்கியிருக்கே" என்று அட்டையைத் தடவிப் பார்த்தார். நாத்தனார் வாயிலிருந்து இவ்வளவு வருவதே பெரிய விஷயம்.

வாசலில் அதிகாரி குனிந்து பட்டாணியின் கன்னத்தைத் தட்டினார்.

"லிஃப்ட்ல அப்பா சொல்லிக்கொடுத்த பந்து கதையையும் ஒரு நாள் எனக்குச் சொல்லணும், சரியா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பந்து அட்டை இழுப்பறையில் கிடந்தது. லிஃப்ட் பற்றி அந்த அறையில் யாரும் மூச்சு விடவில்லை. அம்மாவுக்கே தெரிந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை. அவள் நாத்தனாரைப் பார்த்தாள். அத்தை இரண்டு கைகளையும் விரித்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அப்பா பக்கம் திரும்பினார்கள்.

அப்பா குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் காலில் இருந்தது செருப்பு.

"ஏங்க," என்றாள் அம்மா, "போன வாரம் போன்ல கிசுகிசுத்தீங்களே, அந்தப் பால்கனிக்குக் கொஞ்சம் வாங்க."

இந்த முறை கதவைச் சாத்தியது அவள்.